தொடாத தந்தியின் சத்தம்: ஒரு பேஸ் கிட்டார் பழுது குறித்த நிகழ்வு ஆய்வு

வந்த குறை

பங்குனி மாதத்தின் இரண்டாம் வாரத்தில், சோமனூரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து கோவையில் உள்ள என் பட்டறைக்கு ஒரு பேஸ் கிட்டார் வந்தது. கொண்டு வந்தவர் இருபத்தைந்து வயதைத் தாண்டிய இளைஞர். வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறார். மாரியம்மன் கோயில் நோம்பிகளில் மெல்லிசைக் கச்சேரி நடத்தும் ஒரு குழுவில் நான்கு ஆண்டுகளாகப் பேஸ் வாசிக்கிறார். மாசியில் தொடங்கிச் சித்திரை முடியும்வரை பூச்சாட்டு, கம்பம், பொங்கல் என்று இந்தப் பக்கத்து ஊர்களில் அடுத்தடுத்து மேடை கிடைக்கும் காலம் அது. அந்த நேரத்தில் ஒருவர் வாத்தியத்தைப் பட்டறையில் விட்டுச் செல்ல முன்வருகிறார் என்றால், குறை பொறுக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது என்று பொருள்.

கருவி, அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்து ஜாஸ் பேஸ் அச்சில் செய்யப்பட்ட நான்கு தந்தி வாத்தியம்; தடித்ததிலிருந்து மெல்லியதுவரை தந்திகளின் பெயர் ஈ, ஏ, டி, ஜி. தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ.; மேப்பிள் கழுத்து, ரோஸ்வுட் விரற்பலகை, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டு; வட்டக் கம்பி சுற்றிய புதிய தந்திகள். “வாசிக்கறப்ப இரையுதுங்ண்ணா. மூணு எடத்துல காட்டிட்டேன். ஃப்ரெட்டத் தேச்சாத்தான் போகும்ன்னு கடைசியாச் சொன்னாங்க. நீங்களே தேச்சுக் குடுத்துருங்க” என்றார். முதல் இடத்தில் தந்தி மாற்றியிருந்தார்கள். இரண்டாம் இடத்தில், கருவியின் உடம்பில் தந்திகள் முடியும் பிரிட்ஜில், அவற்றைத் தாங்கும் சேடில்களை உயர்த்தியிருந்தார்கள். மூன்றாம் இடத்தில் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு மட்டும் சொல்லியிருந்தார்கள்.

ஃப்ரெட்டை, அதாவது விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியை, தேய்ப்பதற்கு நான் எளிதில் இணங்குவதில்லை. தந்தியைக் கழற்றினால் மாட்டிவிடலாம், திருகைத் திருப்பினால் பழையபடி திருப்பிவிடலாம். அரம் தின்ற உலோகத்தை மட்டும் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே அதைக் கடைசியில் பார்ப்போம் என்று சொல்லிக் கருவியை வாங்கி வைத்தேன். அந்தப் பொறுமை சரிதான். ஆனால் இந்த ஆய்வில் வேறொரு தவறு என்னுடையது. அது பின்னால் வரும்.

‘இரைச்சல்’ என்ற ஒரு சொல்

கொங்குப் பக்கத்தில் தண்ணீர் மோட்டாரும் இரையும், குளவியும் இரையும், ஸ்பீக்கரும் இரையும். வாத்தியக்காரர்கள் ‘இரையுது’ என்று சொன்னதும் நான் அடுத்ததாகக் கேட்பது, அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டும்படிதான். கூச்சப்படுவார்கள்; ஆனாலும் செய்து காட்டுவார்கள். இவர் மூன்று வெவ்வேறு சத்தங்களைச் செய்து காட்டினார். ஒன்று, தகரத்தில் நகம் பட்டதுபோன்ற ‘டர்ர்’. இரண்டு, ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் எழும் மெல்லிய ‘ஸ்ஸ்ங்’. மூன்றாவதைச் செய்யும்போது மட்டும் அவர் சற்றுத் தயங்கினார்; உதட்டை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இழுத்தார். “இது எப்ப வருதுன்னே சொல்ல முடியாதுங்ண்ணா. ஸ்டேஜ்ல மட்டும் வருது” என்றார். முதல் இரண்டையும் உடனே தாளில் குறித்துக்கொண்டேன். மூன்றாவதை மின்சார இரைச்சல் என்று நானே முடிவுகட்டி, அந்தத் தலைப்பின்கீழ் எழுதினேன்.

அந்த முடிவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். மின் இரைச்சல் பேஸின் எல்லைக்குள்ளேயே, ஒரு சுரத்துக்கு மிக அருகில், ‘ம்ம்ம்’ என்றுதான் உட்கார்ந்திருக்கும். மேடையில் ஜெனரேட்டரும் சீரியல் செட்டும் சேர்ந்தால் அது இன்னும் கூடும். ஆகவே முதலில் அதைச் சோதித்தேன். கருவியை ஆம்பில் இணைத்து, கையைத் தந்திகளிலிருந்து எடுத்தால் லேசான இரைச்சல் எழுந்தது. தந்தியைத் தொட்டதும் தணிந்தது. தொட்டால் தணிகிறது என்றால் பிரிட்ஜின் அடியில் செல்லும் எர்த் கம்பி ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். தொடும்போது கூடினால்தான் அங்கே பற்றவைப்பு விட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். இரண்டு பிக்கப்களின் குமிழ்களையும் முழுதாகத் திறந்தபோது ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழித்து, ஓசை ஏறக்குறைய அடங்கியது. அவர் எப்போதும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைப் பாதியில் வைப்பவர்; இரண்டையும் சமமாக வைக்கச் சொன்னேன். மின்சாரம் பற்றி இந்த நிகழ்வில் சொல்வதற்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

காய்ந்த கழுத்து

‘டர்ர்’ சத்தம் ஈ, ஏ தந்திகளில் முதல் ஃப்ரெட்டிலிருந்து ஐந்தாம் ஃப்ரெட்வரை பலமாகவும், அதற்கு மேலே போகப் போகக் குறைந்தும் கேட்டது. இந்த ஒரு செய்தியே பாதி விடை. எல்லா இடத்திலும் ஒரே அளவாக உராய்ந்தால் தந்தி மொத்தமாகத் தாழ்ந்திருக்கிறது எனலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் உராய்ந்தால் அடுத்த ஃப்ரெட் ஏதோ ஒன்று துருத்தியிருக்கிறது எனலாம். தலைப்பக்கம் மட்டும் உராய்ந்தால் கழுத்து தேவையான குழிவை இழந்து நேராகிவிட்டது, அல்லது பின்னோக்கி வளைந்துவிட்டது என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். அதிரும் தந்தி நடுவில் அகன்று ஆடுகிறது; அந்த ஆட்டத்துக்கு இடம் விடத்தான் கழுத்தில் மயிரிழைக் குழிவு வைக்கப்படுகிறது.

அளப்பதற்கு முதல் ஃப்ரெட்டில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போவை மாட்டி, கடைசி ஃப்ரெட்டில் ஈ தந்தியை விரலால் அழுத்தி, நடுவே ஏழாம் எட்டாம் ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டின் தலைக்கும் இடையே இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜின் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். வெளியூர்ப் பட்டறைக்காரர்கள் இதற்கென்று தனிக் கருவி வரவழைக்கிறார்கள். கோவையில் அந்தச் சிரமம் இல்லை. வண்டிக்கு டேப்பட் வைக்கும் மெக்கானிக் வாங்கும் அதே கேஜ்தான் என் மேசையிலும் கிடக்கிறது. 0.3 மி.மீ. தகடு நுழையவில்லை, 0.15 நுழையவில்லை, மிக மெல்லிய 0.05 தகடும் தந்தியைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போனது. இவ்வகை விரற்பலகைக்கு ஃபெண்டர் தரும் அளவு 0.012 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.3 மி.மீ. இந்தக் கழுத்தில் குழிவே இல்லை.

இரண்டாம் இடத்தில் சேடில்களை உயர்த்தியும் குறை தீராததற்குக் காரணம் இங்கே விளங்கியது. 17ஆம் ஃப்ரெட்டில் ஈ தந்தியின் உயரம் 3.2 மி.மீ.க்கு ஏற்றப்பட்டிருந்தது, வழக்கமான 2.4 மி.மீ.க்கு அது மிக அதிகம். ஆனால் சேடிலை 1 மி.மீ. உயர்த்தினால், முதல் ஃப்ரெட்டில் விரல் வைத்து வாசிக்கும்போது இரண்டாம் ஃப்ரெட்டின் தலைக்கு மேல் கிடைக்கும் கூடுதல் இடைவெளி 0.06 மி.மீ.கூட இல்லை. ஏணியின் ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனைக்கு அருகில் உள்ள படி எவ்வளவு உயருமோ அவ்வளவுதான். கழுத்தில் இருக்கும் குறையைப் பிரிட்ஜில் தீர்க்கப் போனதில், இளைஞரின் இடது கைக்கு வலி மட்டும் மிஞ்சியிருந்தது.

கழுத்து ஏன் நேரானது என்று கேட்டால், பருவத்தைச் சொல்ல வேண்டும். கடைசியாக இதன் ட்ரஸ் ராடை, அதாவது கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியை, திருகியது சென்ற ஆடியில் என்றார். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தை அள்ளிக்கொண்டு கோவைக்குள் நுழையும்; மரம் ஈரம் குடித்து விரியும்; கழுத்து முன்னோக்கி வளையும். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சரியாகவே ராடை இறுக்கியிருக்கிறார்கள். பங்குனி வெயிலில் மரம் காய்ந்து சுருங்கியபோது, ஆடி மாதத்து இறுக்கம் அளவுக்கு மீறியதாகிவிட்டது. விரற்பலகையின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன். ஃப்ரெட் முனைகள் முள்ளாகக் குத்தின. மரம் சுருங்கியது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. ஆண்டு முழுவதும் ஒரே திருகில் நிற்கும் கழுத்தை இந்தப் பக்கத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. ஆடியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை அளந்து பார்ப்பது என் வழக்கம்.

ஆலன் கீயால் ராடைக் கால் சுற்று தளர்த்தி, தந்திகளை மறுபடி சுருதி சேர்த்து, கருவியை ஒரு இரவு அப்படியே விட்டேன். நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேற்பட்ட விசையுடன் கழுத்தை இழுக்கின்றன. ஆயினும் மரம் உடனே கேட்பதில்லை. மறுநாள் காலையில் குழிவு 0.2 மி.மீ. இருந்தது. இன்னும் அரைக்கால் சுற்று தளர்த்தினேன், மாலையில் 0.3 மி.மீ. தகடு தந்தியை அசைக்காமல் நுழைந்தது. அதன் பிறகு சேடில்களை இறக்கி, 17ஆம் ஃப்ரெட்டில் ஈ தந்தியை 2.4 மி.மீ.க்கும் ஜி தந்தியை 2 மி.மீ.க்கும் கொண்டுவந்தேன். வரிசையை மாற்றிச் செய்தால் வேலை இரட்டிப்பாகும். கழுத்து நகர்ந்ததும் உயரமும் நகர்ந்துவிடும். அரத்தைத் தொடாமலேயே ‘டர்ர்’ மறைந்தது. பலமாக மீட்டும்போது காதைக் கிட்டே வைத்தால் கேட்கும் சிறு உராய்வு எஞ்சியது. ஆம்பில் அது கேட்கவில்லை. ஆம்புக்குள் போகாத உராய்வைத் துரத்துவது வீண் வேலை.

‘ஸ்ஸ்ங்’ சத்தத்துக்கு அதிக நேரம் ஆகவில்லை. அது சி சுரத்தில் மட்டும் வந்தது. ஏ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வாசித்தாலும் வந்தது, ஈ தந்தியின் எட்டாம் ஃப்ரெட்டில் வாசித்தாலும் வந்தது. இடம் மாறியும் சுரம் மாறாமல் ஒரு சத்தம் வருமானால், ஃப்ரெட்டில் குற்றம் இல்லை. கருவியின் ஏதோ ஒரு தளர்ந்த உறுப்பு அந்தச் சுரத்துக்குத் துடிக்கிறது. ஒரு கையால் சி சுரத்தைத் தட்டிக்கொண்டே மறுகை விரலால் ஒவ்வொரு உறுப்பையும் தொட்டுக்கொண்டு போனேன். தலைப்பகுதியில் கழுத்து நுனியில் தந்தியைத் தாங்கும் நட்டுக்கும் சுருதிச் சாவிக்கும் இடைப்பட்ட தந்தித் துண்டுகளைத் தொட்டபோது நிற்கவில்லை; பிக்கப் மூடியை அழுத்தியபோது நிற்கவில்லை; டி தந்தியின் சேடிலில் விரல் பட்டதும் நின்றது. சேடிலைத் தாங்கும் இரண்டு சின்னத் திருகுகளில் ஒன்று அடித்தகட்டைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உயர்த்தியவர் ஒரு காலை மட்டும் உயர்த்தியிருக்கிறார். நானும் இறக்கும்போது கவனிக்கவில்லை. அதைத் திருகித் தரையிறக்கியதும் முடிந்தது.

இனி நானே கருவியை மடியில் வைத்து, பட்டறை ஆம்பில் அரை மணி நேரம் எல்லாத் தந்திகளிலும் எல்லா ஃப்ரெட்டுகளிலும் வாசித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இளைஞரை வரச் சொல்லி, கூலி வாங்கிக்கொண்டு, கருவியைக் கொடுத்தனுப்பினேன்.

ஐந்தாம் நாள்

ஐந்தாம் நாள் காலையில் அவர் மறுபடி வந்து நின்றார். முந்தின இரவு அவிநாசிப் பக்கம் ஒரு நோம்பியில் கச்சேரி. “கை நோவு போயிருச்சுங்ண்ணா, டர்ர்ருங்கறதும் இல்ல. ஆனா அந்த மூணாவது சத்தம் அப்படியேதான் இருக்குது” என்று, என்னைக் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லாமல் சொன்னார். அந்த மரியாதைதான் அதிகமாகச் சுட்டது. இம்முறை அவர் கையோடு ஒரு சான்றும் கொண்டு வந்திருந்தார்: சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்சரிலிருந்து பேஸை மட்டும் தனியே பதிவுசெய்து கொடுத்த சில நிமிடங்கள்.

இயர்போனில் கேட்டேன். மின்சார இரைச்சலாக இருந்தால் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஒரே சீராக ஓட வேண்டும். இது அப்படி இல்லை. அவர் டி, ஜி தந்திகளில் மேலேறி வாசிக்கும் இடங்களில், வாசித்த சுரத்தின் அடியில் இன்னொரு குரல் மெல்ல எழுந்து, அவர் விரலை எடுத்த பிறகும் தானாக நீண்டது. வாசித்தது ஒரு சுரம், நின்றது கொத்து. அடுத்த பல்லவிக்குள் அவர் நுழையும்போதும் பழைய குரல் வெளியேறாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. இது மின்சாரம் அல்ல, தந்தியின் குரல். ஆனால் அவர் தொடாத தந்தியின் குரல்.

அப்போதுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கருவியை அவர் கையில் கொடுத்து, ஆம்பின் ஓசையை மேடை அளவுக்கு ஏற்றி, நேற்றைக்கு வாசித்த அதே வரியை வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே ‘ம்ம்ம்’ எழுந்தது. என் மேசையில் எப்போதும் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கிடக்கும். திருப்பூரிலிருந்து கிலோக் கணக்கில் வரும் துண்டுத் துணி, கை துடைக்க அதைவிட நல்லது இல்லை. அதில் ஒரு துண்டை எடுத்து ஈ, ஏ தந்திகள் இரண்டையும் சேர்த்துச் சுற்றிவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னேன். சத்தம் இல்லை. ஏ தந்தியில் மட்டும் துணியை வைத்துக்கொண்டு ஈ தந்தியை விடுவித்தேன், சத்தம் வந்தது. ஈ தந்தியை மூடி ஏ தந்தியை விடுவித்தேன். வேறு சுரங்களுக்கு வந்தது. இளைஞர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் தொடாத ஈ தந்தி மங்கலான பட்டையாக ஆடிக்கொண்டிருந்தது கண்ணுக்கே தெரிந்தது.

இது ஒத்ததிர்வு. திறந்த ஈ தந்தியின் அடிப்படை அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ், அதன் இரு மடங்கில் எழும் மேற்சுரம் 82.4, மும்மடங்கில் எழுவது 123.6. ஜி தந்தியின் நான்காம் ஃப்ரெட்டில் ஒலிக்கும் பி சுரம் 123.5 ஹெர்ட்ஸ். அதை வாசித்ததும், பிரிட்ஜ் வழியாகவும் கழுத்து வழியாகவும் செல்லும் அதிர்வு, சும்மா கிடக்கும் ஈ தந்தியை மூன்று பாகமாக மடித்து ஆட்டத் தொடங்குகிறது. டி தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் வரும் ஈ சுரம் அதே தந்தியை இரண்டு பாகமாக ஆட்டும். ஜி தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் உள்ள 110 ஹெர்ட்ஸ் ஏ சுரம், 55 ஹெர்ட்ஸ் கொண்ட திறந்த ஏ தந்தியை எழுப்பும். சுருதி எவ்வளவு துல்லியமோ அவ்வளவு பலமாக எழும். சுருதி காட்டும் ட்யூனர் பெடல் வாங்கிய பிறகுதான் தொல்லை கூடியது என்று அவர் முன்பே சொல்லியிருந்ததை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சிதாரிலும் சாரங்கியிலும் இதற்கென்றே தனியாகத் தந்திகள் பூட்டி, இந்தக் குரலை அழகென்று வளர்க்கிறார்கள். பேஸில் அதுவே சேறாகிவிடுகிறது. அடித்தளத்தில் இரண்டு தாழ்ந்த சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மேலே பாடுபவருக்கே சுருதி தடுமாறும்.

பட்டறையில் அது ஏன் வரவில்லை? வந்திருக்கும், என் கை வரவிடவில்லை. நான் ஜி தந்தியை மீட்டும்போது என் வலது கைக் கட்டைவிரல் ஈ, ஏ தந்திகளின்மேல் சாய்ந்து கிடக்கும். மீட்டிய விரல் தானாக டி தந்தியில் போய் அமரும். இருபது ஆண்டுப் பழக்கம். செய்கிறேன் என்ற நினைவே இல்லாமல் செய்வது. கருவியைச் சோதிக்கிறேன் என்று அரை மணி நேரம் வாசித்தபோது, குறையை என் கையாலேயே மூடி மறைத்துக்கொண்டிருந்தேன். முன்பு பார்த்த மூவருக்கும் இதுவே நேர்ந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. அன்று முதல் என் குறிப்பேட்டில், கருவியை இறக்கி வைத்தவுடன் முதலில் உடையவரே வாசிக்க வேண்டும், மேடையில் வைக்கும் அதே ஓசையில் வாசிக்க வேண்டும், அதற்குப் பிறகே நான் தொட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

தறிக்கு நடுவே பயிற்சி

இளைஞரின் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பிக்கப்பின் மூலையில் நங்கூரம் போட்டதுபோல் ஊன்றியிருந்தது. எந்தத் தந்திக்குப் போனாலும் அது இடம் பெயரவில்லை. அதனால் டி, ஜி தந்திகளில் வாசிக்கும்போது ஈ தந்திக்குக் காவல் கிடையாது. நான்கு ஆண்டுகளாக இது காதில் விழவில்லையா என்று கேட்டேன். “வூட்டுல எங்கீங்ண்ணா கேக்கறது? சுவத்துக்கு அந்தப்பக்கம் நாலு தறி ஓடுதுங்களே” என்றார்.

அந்த விடை என்னைச் சற்று நேரம் பேசவிடாமல் செய்தது. நாடா இடமும் வலமும் அடிபடும் விசைத்தறிக் கூடத்துக்கு அடுத்த அறையில், சிறு பயிற்சி ஆம்பில் ஒருவர் பேஸ் பழகினால், மீட்டிய சுரத்தின் தலை மட்டும்தான் காதுக்கு எட்டும். வால் முழுவதும் தறியின் சத்தத்தில் கரைந்துவிடும். கேட்காத ஒன்றை நிறுத்தக் கை கற்றுக்கொள்வதில்லை. மேடையிலோ நிலைமை தலைகீழ். பெரிய பேஸ் பெட்டிகள் இவர் நிற்கும் இடத்துக்கு மூன்றடி தள்ளி வைக்கப்படுகின்றன. அவற்றின் காற்றே கருவியின் உடம்பை அதிரவைத்துத் திறந்த தந்திகளை மறுபடி எழுப்பும். மிக்சரில் பேஸுக்குக் கம்ப்ரெஸர் போட்டிருக்கிறார்கள்; அது உரத்த சுரத்தை அமுக்கி, மொத்த அளவைத் தூக்கிவிடுவதால், சுரம் ஓய ஓய அடியில் கிடந்த ரீங்காரம் மேலே வருகிறது. ஸ்டேஜில் மட்டும் வருகிறது என்று அவர் முதல் நாள் சொன்னதற்கு இவ்வளவு பொருள் இருந்தது.

மருந்து பெரும்பாலும் கையில்தான் இருந்தது. கட்டைவிரலை நங்கூரத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். ஈ தந்தியில் வாசிக்கும்போது அது பிக்கப்பில் இருக்கலாம்; ஏ தந்திக்குப் போனால் ஈ தந்தியின்மேல் இறங்க வேண்டும்; டி தந்திக்குப் போனால் ஏ தந்தியின்மேல் அமர்ந்து, தன் பக்கவாட்டால் ஈ தந்தியையும் தொட்டுக்கொள்ள வேண்டும்; ஜி தந்திக்குப் போகும்போது கட்டைவிரல் அங்கேயே படுத்திருக்க, மீட்டிய விரல் முன்னேறி டி தந்தியில் சாய்ந்து அதை அடக்கும். மீட்டலை மேலே தூக்காமல், அடுத்த தந்தியில் போய்ச் சாயும்படி மீட்டினால், பாதி வேலை தானாக நடந்துவிடும். மேலிருந்து கீழ்த்தந்திக்கு இறங்கும்போது காவலின்றி விடப்படும் ஜி, டி தந்திகளை இடது கை பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தும் விரலைக் குத்திட்டு நிறுத்தாமல் சற்றுப் படுக்கவைத்தால் அதன் அடிப்பக்கம் கீழுள்ள தந்திகளை உரசி அமைதியாக்கும்.

இதில் ஒரு நுணுக்கத்தில் அவர் இரண்டு நாள் திண்டாடினார். சுரத்தை நிறுத்த இடது கையின் ஒரே விரலால் தந்தியைத் தொட்டார். சில இடங்களில் நின்றது, சில இடங்களில் மணி அடித்ததுபோல் புதிதாக ஒரு சுரம் பிறந்தது. ஐந்தாம், ஏழாம், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுகளுக்கு நேர் மேலே ஒற்றை விரலால் தொட்டால் தந்தி அடங்காது, மேற்சுரத்துக்குத் தாவும். அவை தந்தியைச் சம பாகமாகப் பிரிக்கும் இடங்கள். இரண்டு விரல்களை அகலமாக வைத்துத் தொட்டால் அந்தத் தாவலுக்கு வழியில்லை. அதேபோல அழுத்திய விரலைச் சட்டென்று எடுத்தால் திறந்த தந்தி ஒருமுறை துள்ளும். முதலில் அழுத்தத்தை விட்டு, தோல் தந்தியில் ஒட்டியிருக்கும்போதே அடங்கவிட்டு, பிறகு எடுக்க வேண்டும்.

அவர் ஒரு குறுக்குவழியும் கேட்டார். அதை இழிவாக நான் நினைக்கவில்லை. ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோதே பிரிட்ஜை மூடிய உலோகத் தொப்பியின் உட்புறம் தந்தியை அமுக்கும் மெத்தை இருந்தது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் பாடல்களுக்கு அடிநாதமான பேஸ் வாசிப்பாளர் ஜேம்ஸ் ஜேமர்சன், தட்டைச் சுற்றுத் தந்தியையும் அந்த மெத்தையையும் வைத்துக்கொண்டே வாசித்தார். 1960களின் நடுவில் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் வட்டச் சுற்றுத் தந்திகள் பரவிய பிறகுதான் நீண்டு ஒலிக்கும் பளிச்சென்ற பேஸ் குரல் வழக்கத்துக்கு வந்தது. அதோடு விரல் நகரும் கீச்சொலியும், அடங்காத ரீங்காரமும் வந்தன. அடுத்த இரண்டு கச்சேரிகளுக்கு மட்டும் பிரிட்ஜுக்கு முன்னால் நான்கு தந்திகளுக்கும் அடியில் பனியன் துணியை விரலளவு மடித்துச் செருகிக் கொடுத்தேன். சுரம் குட்டையாகும், ஆனால் அவர்கள் குழு அதிகம் வாசிக்கும் 1980களின் இளையராஜா பாட்டுகளில் பேஸ் ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருப்பதால் குட்டைச் சுரம் பொருந்தியது. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பேசிக் கம்ப்ரெஸரைத் தளர்த்தவும், 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டவும், பெட்டியை இளைஞருக்கு இன்னும் தள்ளி வைக்கவும் கேட்டுக்கொண்டேன். முதல் இரண்டையும் செய்தார். பெட்டியைத் தள்ள மேடையில் இடமில்லை என்றார்; உண்மையாகவும் இருக்கலாம்.

தறி ஓடும்போது பழகிப் பயன் இல்லை என்பது எஞ்சியது. தறி நிற்கும் நேரம் எப்போது என்று கேட்டால், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள் என்றார். அன்று ஆம்பும் ஓடாதே என்று சேர்த்துக்கொண்டார். ஆம்ப் வேண்டாம் என்றேன். கருவியை மடியில் வைத்து, அதன் உடம்பின் மேற்பக்கத்துக் கொம்பு போன்ற நீட்சியில் தாடையை அழுத்தி வாசித்தால், எலும்பு வழியாக எல்லாத் தந்தியும் கேட்கும். எது தூங்குகிறது, எது விழித்திருக்கிறது என்று ஆம்பைவிடத் தெளிவாகத் தெரியும். சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்து அப்படி ஒரு நாளில், நண்பகலில் அழைத்தார். ஊரே அமைதியாக இருந்தது அழைப்பில் தெரிந்தது. “ஈ கம்பி ஒருக்கா எந்திரிச்சுதுங்ண்ணா. கட்டைவிரல வெச்சதும் உக்காந்துக்கிச்சு” என்றார்.

சித்திரைக் கடைசியில் துணியை எடுத்துவிட்டு வாசித்த ஒரு கச்சேரியைக் கூட்டத்திலிருந்து யாரோ செல்பேசியில் பதிந்ததை அனுப்பியிருந்தார். ஏ தந்தியில் மூன்றிலிருந்து எட்டாம் ஃப்ரெட்டுக்கு நகரும் இடத்தில் ஒரு கீச்சொலி இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். பாட்டு முடியும் இடத்தில் பேஸ் கடைசிச் சுரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அதற்கும் கைத்தட்டலுக்கும் நடுவில் ஒரு நொடி, மேடைக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டரின் சத்தம் மட்டும் கேட்கிறது.